சண்முகவடிவு டைப் மட்டும் அடிக்கவில்லை

மார்ச் 4, செவ்வாய்க்கிழமை, காலை 9 மணி 17 நிமிடம். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் படிக்காத செய்திகள் முப்பத்தொன்று. காலை நேரத்தில் இத்தனை செய்தி வந்தால் எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்: மருத்துவமனையின் இணையதளம் முடங்கிவிட்டது. வாஷியில் அலுவலகப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். தளம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் செய்திகளைப் படித்தேன். முப்பது கைகூப்பும் படங்கள். முதல் செய்தி மட்டும் சொற்களில் இருந்தது. பதிவுக் கவுன்டர் சண்முகவடிவு அன்று காலை செம்பூரில் தன் வீட்டில் மாரடைப்பில் இறந்துவிட்டார். வயது நாற்பத்தாறு.

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அவரோடு அந்தக் கவுன்டரில் உட்கார்ந்தவர்கள். மீதிப் பேருக்காகச் சில வரிகள். சண்முகவடிவு தாராவியில் பிறந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு செம்பூருக்குப் போனவர். மும்பையின் பெரிய அரசு மருத்துவமனை ஒன்றில் பதினான்கு வருடம் டேட்டா என்ட்ரி ஆபரேட்டர், அதுவும் ஒப்பந்தத்தில். நான் மென்பொருள் எழுதுகிறவன். அந்த மருத்துவமனைக்குத் திறந்த மூல மென்பொருளில் ஒரு தகவல் தளம் அமைத்துக் கொடுத்த தன்னார்வக் குழுவில் நானும் இருந்தேன். எந்தச் சிக்கலுக்கு எந்த அறைக்குப் போவது, என்றைக்குப் போவது, என்ன காகிதம் கொண்டுபோவது என்று நோயாளிகள் தங்கள் கைபேசியிலும், பதிவுக் கூடத்தில் நிற்கும் திரைகளிலும் பார்ப்பதற்கான தளம் அது. இந்த மாதிரி வேலையில் நிரல் எழுதுவது சின்ன விஷயம். எதை எதற்குக் கீழே வைப்பது, எதற்கு என்ன பெயர் போடுவது, முதல் திரையில் என்ன கேட்பது என்பதுதான் பெரிய விஷயம். தகவல் கட்டமைப்பு என்று அதற்குப் பெயர். அந்த மருத்துவமனைக்கு அதைச் செய்தவர் சண்முகவடிவு. நான் இல்லை.

இதைச் சொல்ல ஒரு கட்டுரை எதற்கு என்று கேட்பீர்கள். இரங்கல் கூட்டத்துக்கு வந்திருந்தால் கேட்க மாட்டீர்கள்.

ஐந்தாம் நாள் அந்தக் கூட்டம் நடந்தது. அடையாள அட்டையிலிருந்து வெட்டிப் பெரிதாக்கிய படம் ஒன்றை மேசைமேல் சாய்த்து வைத்திருந்தார்கள். நிர்வாக அதிகாரி பேசினார். மேடம் மிகவும் சாந்தமானவர், குரல் உயர்த்தியதே இல்லை, சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வார் என்றார். பின்வரிசையில் இருந்த கவுன்டர் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரைப் பற்றிப் பேசுகிறார் இந்த ஆள்? வடிவு அக்கா கவுன்டரில் வாயைத் திறந்தால் கூடத்தின் அந்தப் பக்கத்து மருந்து வரிசைகூட நேராகும். சாந்தமாம். செத்தால் எல்லோரையும் சாந்தமாக்கிவிடுகிறார்கள்.

அதோடு நிறுத்தியிருந்தால் நானும் விட்டிருப்பேன். அதிகாரி என் பக்கம் கை நீட்டினார். “நம் தளத்தை வடிவமைத்த இளைஞர் இங்கே வந்திருக்கிறார். மேடம் இவருக்கு டைப் அடித்துக் கொடுத்து உதவினார்.” எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன். கைதட்டினார்கள். உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. ஊரில் எல்லோருக்கும் என் வாய் தெரியும். அன்றைக்கு அது எங்கே போயிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்தபோது அவர் மகள் கனி என்னை நிறுத்தினாள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

“அண்ணா, சச் போலோ, உண்மையச் சொல்லுங்க. அந்த சைட்டு நான் பண்ணதுன்னு அம்மா வீட்டுல எப்பவும் சொல்லுவாங்க. சும்மா கப்சா அடிச்சாங்களா? டைப்பிங் மட்டும்தான் அவங்க பண்ணாங்களா?”

“இல்ல” என்றேன். அதற்குமேல் சொல்வதற்குள் உறவினர்கள் அவளைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அவளுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எல்லோருக்கும் சொல்கிறேன்.

நான் முதலில் அவருக்குக் காட்டிய வடிவம் என்னுடையது. எனக்கு அதில் பெருமை வேறு. மருத்துவமனையின் முப்பத்துச் சொச்சம் துறைகளை அகரவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் மருத்துவர், நாள், அறை என்று கிளை பிரித்திருந்தேன். மராத்தி, இந்தி, ஆங்கிலத்தோடு தமிழும் உண்டு. “சிறுநீரகவியல் புறநோயாளிகள் பிரிவு” என்றெல்லாம் தேடித் தேடிப் போட்டிருந்தேன். அலுவலகம் தரவுகளைச் சரிபார்க்க ஓர் ஆள் தருகிறோம் என்று அனுப்பியது அவரை. வந்தார். திரையைப் பார்த்தார்.

“ஏல இன்ஜினியரு, இத யாருக்குப் பண்ணிருக்க?”

“பேஷன்ட்டுக்குத்தான். தமிழ்ல வேற போட்டிருக்கேன், பாருங்க.”

“பாத்தேன் பாத்தேன். தாராவியில ஒன் வயசுப் பயலுவ எத்தன பேரு தமிழ் படிக்கான்? படிக்கத் தெரிஞ்ச பெரிய ஆளுவளுக்கு இந்தத் தமிழ் புரியுமா? இரு, வாரேன்.”

வரிசையிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்தார். மான்குர்த்திலிருந்து வருகிறவர். சிறுநீரகக் கோளாறுக்கு மூன்று வருடமாக அதே மருத்துவமனைக்கு வருகிறார். தமிழ் படிப்பார். உங்கள் டாக்டரை இதில் கண்டுபிடியுங்கள் என்றோம். மேலிருந்து கீழே போனார், கீழிருந்து மேலே வந்தார். சிறுநீரகவியல் என்ற வரியை இரண்டு முறை தாண்டிப் போனார். கடைசியில் என்னிடம் பாவமாகச் சொன்னார்:

“தம்பி, இதுல எங்க டாக்டர் இல்ல. எனக்கு வெள்ளிக்கெழம டாக்டரு. பதினேழாம் நம்பரு. மஞ்ச பேப்பரு.”

வடிவு அக்கா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். “கேட்டியா?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் கவுன்டருக்குப் போய்விட்டார். அந்த வாரம் முழுக்க அவர்மேல் எனக்கு எரிச்சல். அவரைச் சேர்க்காமலே முடித்துவிடலாமா என்று எங்கள் தன்னார்வக் குழுவில் கேட்டவனும் நான்தான். இதையும் பதிவில் வைத்துவிடுகிறேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் வந்தபோது கையில் ரத்தான கேஸ் பேப்பர்கள். பதிவு செய்ததும் நோயாளிக்குக் கொடுக்கும் தாள்தான் கேஸ் பேப்பர். அச்சுப் பிழையானவற்றின் பின்பக்கத்தில் படம் படமாக வரைந்திருந்தார். என்ன இது என்றேன். “பை” என்றார்.

அவர் செய்தது இதுதான். சாப்பாட்டு நேரத்தில் கூடத்து பெஞ்சுகளில் போய் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம், “ஒங்க பையக் கொஞ்சம் தொறந்து காட்டுதியளா?” என்று கேட்டிருக்கிறார். அரசு மருத்துவமனைக்கு வருகிற எல்லோரிடமும் ஒரு பை இருக்கும். ஜவுளிக்கடைப் பை, மளிகைக்கடைப் பை, ஏதோ ஒன்று. அதற்குள்தான் அவர்களுடைய மருத்துவ வரலாறு முழுவதும். அந்தப் பைக்குள் எந்தக் காகிதம் முன்னால், எது பின்னால், எதையெல்லாம் சேர்த்து மடித்து ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து வரைந்திருக்கிறார். யாரும் துறைவாரியாக வைத்திருக்கவில்லை. அடுத்த ஜன்னலில் எதைக் கேட்பார்களோ அது முன்னால். ரிப்போர்ட் வாங்க வேண்டிய சீட்டு ரவிக்கைக்குள்ளோ சட்டைப் பையிலோ தனியாக. உள்ளே படுத்திருப்பவரைப் பார்க்க வந்தவர்களிடம் பையே இல்லை, பாஸ் மட்டும்.

“நீ ஆஸ்பத்திரிக்குப் படம் போட்டிருக்க. அவிய பைக்குப் படம் போடு” என்றார்.

அதிலிருந்து வந்தவைதான் இன்றைக்கு நீங்கள் திரையில் பார்க்கும் நான்கு கதவுகள். முதல் தடவை வந்திருக்கிறேன். கையில் சீட்டு இருக்கிறது. ரிப்போர்ட் வாங்க வேண்டும். எங்கள் ஆள் உள்ளே இருக்கிறார். இந்த நான்கில் ஒன்றைத் தொட்டால், அதன் பிறகு கிழமை, அறை எண், தாளின் நிறம். துறையின் பெயர் கடைசியில் சின்ன எழுத்தில். படிக்கத் தெரியாதவர்களுக்கு நான்கு கதவுக்கும் படமும் குரலும். ஒவ்வொரு பெயரையும் பெஞ்சுகளில் கேட்டுத்தான் வைத்தார். தமிழ்க் குரலில் “புறநோயாளி” என்று ஒரு சொல் கிடையாது.

எல்லாவற்றிலும் அவர் சொன்னதே சரி என்று நான் சொல்லவில்லை. நான்காவது கதவில், படுத்திருப்பவரின் பெயரைத் தட்டினால் வார்டும் கட்டிலும் வர வேண்டும் என்றார். முடியாது, அது அந்தரங்கம், யார் வேண்டுமானாலும் பார்ப்பார்கள் என்றேன். “ஒங்க அந்தரங்கத்தத் தூக்கி அடுப்புல போடு. தூத்துக்குடியில இருந்து ரெண்டு நாள் ரயில்ல வந்த அம்மா மூணு மாடி ஏறி எறங்கிட்டு இருக்கா” என்று கத்தினார். ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு ஒருநாள் அவரே வந்தார். “நேத்து ஒரு பிள்ள அடிவாங்கி வந்து அட்மிட் ஆயிருக்கா. அடிச்சவன் புருசன். அவன் வந்து திரையில பேரத் தட்டுனா வார்டு வந்திரும்லா? நீ சொன்னது சரிதான். ஆனா நீ சொன்ன காரணம் காரணமே இல்ல.” பாஸில் இருக்கும் எண்ணைப் போட்டால் மட்டும் வார்டு தெரியட்டும் என்று வழியும் அவரே சொன்னார். அது அப்படியேதான் இன்றும் இருக்கிறது.

தளத்துக்காக மருத்துவமனை வைத்திருந்த மேற்பார்வைக் குழுவின் கூட்டத்துக்கு அவரை அழைத்துப்போனேன். எல்லோருக்கும் நாற்காலி, அவருக்கு இல்லை. கதவோரம் நின்றார். ஒரு துறைத்தலைவர், துறைகள் கடைசியில் சின்ன எழுத்தில் வருவது நிறுவனத்தின் கண்ணியத்துக்குக் குறைவு என்றார். வடிவு அக்கா நின்ற இடத்திலிருந்தே நல்ல மராத்தியில் பதில் சொன்னார். “சார், உங்கள் துறையின் பெயர் வாசலில் ஆள் உயரத்துக்கு இருக்கிறது. அதைப் படித்து ஒருத்தர்கூட உங்களிடம் வரவில்லை. செக்யூரிட்டியிடம் கேட்டுத்தான் வருகிறார்கள். வேண்டுமானால் அந்த செக்யூரிட்டியை இன்டர்நெட்டில் ஏற்றிவிடலாம்.” அறையில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். தீர்மானம் எங்கள் பக்கம் வந்தது. சாந்தமானவர் என்று மேடையில் சொன்ன அதே நிர்வாக அதிகாரி அந்த அறையில் இருந்தார்.

இனி என் பங்கு. இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

மாட்டுங்காவில் ஒரு டிபன் கடை. சனிக்கிழமைக் கூட்டம் முடிந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். திறந்த மூலம் என்பதில் அவருக்கு நம்பிக்கையே இல்லை.

“தொறந்து வைக்கதுன்னா? போறவன் வாறவன்லாம் கை வைக்கவா?”

“எடுத்துட்டுப் போகலாம். மாத்தலாம். ஆனா மாத்துனதையும் தொறந்துதான் வைக்கணும். செஞ்சவங்க பேர எடுக்கக் கூடாது. லைசென்ஸ்லயே எழுதியிருக்கு.”

“யாரு செஞ்சாலுமா?”

“யாரு செஞ்சாலும்.”

“கான்ட்ராக்ட் ஆளு பேரக்கூட எடுக்க முடியாதா?”

“அது பெர்மனென்ட்டு கான்ட்ராக்ட்லாம் பாக்காதுக்கா.”

அந்தக் கேள்வி ஏன் வந்தது என்று கவுன்டர்காரர்களுக்குத் தெரியும். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை அவரை ஒருநாள் வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, மறுநாள் புதிய ஆள் போலச் சேர்த்துக்கொள்வார்கள். மருத்துவமனையின் ஆவணங்களின்படி அவர் பதினான்கு வருடம் வேலை பார்க்கவே இல்லை. ஒவ்வொரு முறையும் பதினோரு மாதம்தான் பார்த்திருக்கிறார்.

“அப்ப சரி. தொறந்து வை” என்றார்.

நிரலை இணையத்தில் திறந்து வைத்தோம். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். தளத்தில் செய்த ஒவ்வொரு மாற்றமும் அங்கே வரிசையாக இருக்கிறது, செய்தவர் பெயரோடு. அவர் கேஸ் பேப்பரின் பின்னால் வரைவார், படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். நான் என் கணினியில் அதைத் தளமாக்கி ஏற்றுவேன். ஏற்றியவன் நான் என்பதால் எல்லாவற்றிலும் என் பெயர். இரண்டரை வருடத்தில் அந்தக் கட்டமைப்பைத் தொட்ட ஒரு மாற்றத்தில்கூட அவர் பெயர் இல்லை.

ஒருமுறை கேட்டார். “ஏல, எம்பேரு எங்கன இருக்குன்னு காட்டு. கனிகிட்ட காமிக்கணும்.”

“அதுக்கு ஒரு அக்கவுன்ட் தொறக்கணும்க்கா. ஈமெயில் வேணும். அப்புறம் போட்டுடறேன்.”

பொய். அக்கவுன்ட் தேவையே இல்லை. மாற்றத்தைச் சேமிக்கும்போது உடன் செய்தவர் இன்னார் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். ஒரு நிமிட வேலை. எனக்கு அது தெரியும். அன்றைக்கு எனக்கு ரயிலைப் பிடிக்கும் அவசரம். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

அந்த ஒரு வரி இல்லாததால் என்ன ஆயிற்று என்று பாருங்கள். இரங்கல் கூட்டம் முடிந்த மறுவாரம் மேற்பார்வைக் குழுவிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. தளத்தின் புதிய பதிப்பில் நான்கு கதவுகள் நீக்கப்படும். துறைவாரிப் பட்டியல் திரும்ப வரும். சொல்லப்பட்ட காரணத்தை அப்படியே தருகிறேன்: இப்போதைய அமைப்பு வெளியாள் ஒருவரின் சொந்த விருப்பத்தைக் காட்டுவது, மருத்துவமனைக்குள் எந்த ஆய்வும் நடந்ததற்கு ஆதாரம் இல்லை.

எனக்கு ரத்தம் கொதித்தது. பதில் எழுத ஆதாரம் தேடி மாற்றப் பட்டியலைத் திறந்தேன். அவர்கள் சொன்னது அந்தப் பட்டியலின்படி உண்மை. ஒரே ஆள். வெளியாள். என் பெயர், என் பெயர், என் பெயர். வருடக்கணக்காக அந்தக் கூடத்திலேயே உட்கார்ந்திருந்த ஒருவர், பெஞ்ச் பெஞ்சாகப் போய்ப் பைகளைத் திறந்து பார்த்துச் செய்தது இது என்று எங்கேயும் இல்லை. மருத்துவமனை அவர் பதினான்கு வருடத்தைப் பதினோரு மாதம் பதினோரு மாதமாக நறுக்கி மறைத்தது என்று இவ்வளவு நேரம் திட்டினேன். நான் அதை ஒரே தடவையில் செய்து முடித்திருக்கிறேன்.

அவர்கள்மேல் கோபம் குறைந்துவிட்டதா என்றால், இல்லை. அவர்களுக்குத் தெரியும். கதவோரம் நின்று பேசியவரை அந்த அறையில் எல்லோரும் பார்த்தார்கள். பார்த்தது காகிதத்தில் இல்லை என்பதால் நடக்கவில்லை என்கிறார்கள். நானும் அந்தக் காகிதத்தைக் கொடுக்காமல் இருந்தேன். இந்த இரண்டும் சேர்ந்தால், காலையில் பதிவு வரிசையில் நிற்கிற ஒருவர் தன் வெள்ளிக்கிழமை டாக்டரைத் திரையில் தேடித் தேடிக் காணாமல், மறுபடி செக்யூரிட்டியிடம் போவார்.

அவரிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது கைபேசியில் உள்ள அந்தப் படங்கள்தான். ஒன்றுவிடாமல் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மூலையிலும் அவர் கையெழுத்தில் தேதி, கீழே யாரிடம் கேட்டது என்று ஒரு குறிப்பு. பெயர் இருக்காது. “மான்குர்த் ஆளு, மூணு வருசம்.” “ரிப்போர்ட்டுக்கு நாலாவது நாளா அலையுத பொம்பள.” “படிக்கத் தெரியாது, நெறம் தெரியும்.” எந்த ஆய்வும் நடக்கவில்லை என்கிறவர்கள் இதைவிட ஒழுங்கான ஆய்வு ஒன்றை எனக்குக் காட்டட்டும். இன்னொன்றும் மிச்சம் இருக்கிறது: அவர் என்மேல் பட்டிருக்க வேண்டிய, படாமல் விட்ட கோபம். அதை நானே வைத்துக்கொள்கிறேன்.

அழுகைக்கு எனக்கு நேரமில்லை. இனி செய்யப்போவது:

1. கட்டமைப்பைத் தொட்ட ஒவ்வொரு மாற்றத்துக்கும் திருத்தக் குறிப்பு எழுதுவேன்: செய்தவர் சண்முகவடிவு, ஏற்றியது மட்டும் நான். பழைய பட்டியலை அழிக்க மாட்டேன். நான் செய்த தவறும் தெரியட்டும்.

2. அந்தப் படங்கள் எல்லாவற்றையும், நோயாளிகளின் எண்களை மறைத்து, தேதி வரிசையில் தளத்தோடு சேர்த்து ஏற்றுவேன். நான் வரைந்த சுத்தப் பிரதி வேண்டாம். அவர் கையெழுத்திலேயே.

3. சுற்றறிக்கைக்கு மராத்தியில் ஆட்சேபம் கொடுப்பேன். எழுதி முடித்துவிட்டேன். அந்தக் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் பெயருக்கும் தனித்தனி நகல்.

4. இரண்டு வடிவங்களையும் பதிவுக் கூடத்தில் வைத்து, வரிசையில் நிற்பவர்களைத் தேடச் சொல்வேன். மேற்பார்வைக் குழுவிலிருந்து ஒருவராவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். வராவிட்டால் வீடியோ எடுத்து அனுப்புவேன், முகம் தெரியாமல்.

5. செம்பூருக்குப் போய்க் கனியிடம் இதைப் படித்துக் காட்டுவேன். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அம்மா பெயர் ஏறிய மாற்றப் பட்டியலை அவள் கைபேசியிலேயே திறந்து கொடுத்துவிட்டு வருவேன்.

6. உங்களில் யாரிடமாவது அவர் வரைந்த தாள் இருந்தால் வாங்கிக்கொள்வேன். கசங்கியிருந்தாலும் பரவாயில்லை.

7. அப்படியும் நான்கு கதவுகளை எடுத்தார்களானால், தளத்தை அப்படியே நகலெடுத்து வேறு முகவரியில் நடத்துவேன். யாரிடமும் அனுமதி கேட்கப்போவதில்லை. உரிமத்திலேயே அனுமதி இருக்கிறது. அறை எண்ணும் கிழமையும் மாறும்போதெல்லாம் சொல்வதற்குக் கவுன்டரிலிருந்து மூன்று பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மூவரும் ஒப்பந்த ஊழியர்கள், அதனால் இப்போதைக்குப் பெயர் வேண்டாம் என்கிறார்கள். வேண்டும் என்று என்றைக்குச் சொல்கிறார்களோ, அன்றைக்கே போடுவேன்.